மார்ச் 30 உலக இட்லி தினம்: ஈரச்சந்தையில கிடைக்கிறதைப் போட்டு யார் என்ன அவிக்கப் போறீங்க?

ஈசூன் அடுப்பு
22 மார்ச் 2025, சனி, இரவு 9.40

டோனட்டுக்கு ஒரு நாள், பான்கேக்குக்கு ஒரு நாள்னு உலகம் கொண்டாடுது. நம்ம இட்லிக்கும் ஒரு நாள் இருக்குன்னு போன வருஷம்தான் எனக்குத் தெரியவந்தது. சென்னையில இட்லி கேட்டரிங் நடத்துற இனியவன் 2015ல ஆரம்பிச்சு வச்சார். மார்ச் 30. ஆயிரத்துக்கு மேல இட்லி வகை செஞ்சு காட்டின மனுஷன். இந்த வருஷம் அது ஞாயித்துக்கிழமையில வருது, மறுநாள் நோன்புப் பெருநாள் லீவு. இதைவிட நல்ல நேரம் அமையாது.

விதி ரெண்டுதான். மாவு புளிக்கணும், ஆவியில வேகணும். மூணாவது என் ஆசை: நம்ம சிங்கப்பூர்ல தேக்காவிலயோ, உங்க பேட்டையில காய், மீன் விக்கிற ஈரச்சந்தையிலயோ கிடைக்கிற, உங்க பாட்டி இட்லிச் சட்டியில போட்டிருக்கவே மாட்டாங்கன்னு நீங்க சத்தியம் பண்ணக்கூடிய ஒரு பொருள் உள்ள போகணும்.

நான் சங்குப்பூ. எங்க புளோக் கீழே சமூகத் தோட்டத்துல கொடி படர்ந்து கிடக்கு. நீல இட்லி பண்ணப் போறேன்.

பிடோக் பெரியம்மா
22 மார்ச், இரவு 10.15

எங்க வீட்டுல வாரத்துல நாலு நாள் இட்லி தினம்தாம்மா. அதுக்கு ஒரு தேதி குறிச்சு நீலச் சாயம் ஏத்தணுமா? அப்புறம், சங்குப்பூ ஊர்ல வேலிக்கு வேலி கிடக்கும். அதைப் பாட்டி பாத்ததில்லையாக்கும்.

ஈசூன் அடுப்பு
22 மார்ச், இரவு 10.22

பாத்திருப்பாங்க பெரியம்மா, சட்டியில போட்டிருக்க மாட்டாங்க. விதியைச் சரியாப் படிங்க 😄

ஜூரோங் தம்பி
22 மார்ச், இரவு 11.05

அஞ்சு பேர் தங்கியிருக்கிற வாடகை ரூம், இட்லிச் சட்டி கிடையாது, கிரைண்டர் கிடையாது. பாக்கெட் மாவு வாங்கி ரைஸ் குக்கர்ல சின்ன எவர்சில்வர் கிண்ணம் வச்சு அவிப்பேன். சேத்துக்குவீங்களா?

பிடோக் பெரியம்மா
22 மார்ச், இரவு 11.09

அது கிண்ண இட்லி. தாராளமா வா தம்பி. ஆனா பாக்கெட் மாவை வாங்குன அன்னைக்கே ஊத்தாதே, அது குழந்தை மாவு. ஒரு நாலு மணி நேரம் வெளியே வை.

கிராம் கணக்கு
23 மார்ச், ஞாயிறு, காலை 8.30

புதுப் பொருள் சேர்ப்பதற்கு முன்னால் மாவு நம் கைக்குள் இருக்க வேண்டும். இந்த ஊரில் இட்லி கெடுவது பெரும்பாலும் புளிக்காததால் அல்ல, அளவுக்கு மீறிப் புளிப்பதால். இரவில்கூட 25, 26 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் இது. பெங்களூரு டிசம்பரில் பதினான்கு மணி நேரம் கேட்கும் மாவு இங்கே எட்டு மணி நேரத்தில் தயார். அரைத்து முடிக்கும்போதே மாவு சூடாக இருந்தால் ஆறே மணி நேரம்தான்.

நான் வைக்கும் அளவு: இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. உளுந்துக்குக் குளிர்பெட்டியில் வைத்த தண்ணீரை மட்டும் தெளிக்கிறேன். மிக்சி என்றால் ஐஸ் கட்டியே போட வேண்டும்.

மாவை உப்ப வைப்பது ஈஸ்ட் அல்ல. லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியாதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது என்று 1965லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அது உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிறது. அது விடும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அரிசி வெறும் உடம்பு, உளுந்துதான் மூச்சு. ஆகவே அரிசிப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பாருங்கள். உளுந்தில் கைவைக்காதீர்கள்.

காரைக்குடி காரம்
23 மார்ச், காலை 9.12

அப்ப நான் அரிசியை மாத்துறேன். கறுப்புப் புளுட் அரிசி, இங்க மலாய்க்காரங்க தேங்காய்ப்பால் ஊத்திக் கஞ்சி காய்ச்சுறது. நம்ம கவுனி அரிசிக்குச் சொந்தக்காரன். கவுனியும் பர்மாவுல இருந்து எங்க ஐயாக்கள் மூட்டை கட்டிக் கொண்டாந்ததும்பாக. நாளைக்கே ஒரு கைப்பிடி போட்டு ஒத்திகை.

செங்காங் பேத்தி
23 மார்ச், மதியம் 2.40

நான் நோன்பு. இந்த இழையைப் படிச்சிட்டு மதியமே பசி தாங்கல 😭 30ஆம் தேதி பெருநாளுக்கு முந்தின நாள், வீட்டுல ரெண்டாங், அதாங்க தேங்காய்ப்பால் விட்டுச் சுண்ட வைக்கிற மலாய் இறைச்சிக் கறி, அடுப்புல இருக்கும். நான் இட்லிக்குள்ள ஒண்ணும் வைக்கல, இட்லி மேல ரெண்டாங். எங்க நன்னி, அதாவது பாட்டி, கடையநல்லூர்ல இருந்து வந்து இங்க ரெண்டாங் கத்துக்கிட்டவங்க, அதனால அவங்க பாத்ததில்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

ஈசூன் அடுப்பு
23 மார்ச், மதியம் 2.55

உனக்கு விதிவிலக்கு. ரெண்டாங்குக்கு எல்லா விதியும் விலகும்.

காரைக்குடி காரம்
25 மார்ச், செவ்வாய், இரவு 8.20

ஒத்திகை படுதோல்வி. அரிசி முழுக்கப் புளுட் போட்டேன். மாவு என்னமோ ஊதா நுரையா அருமையாப் பொங்குச்சு. ஊத்தி பத்து நிமிஷம் கழிச்சு மூடியத் தொறந்தா உப்பி நிக்குது, நான் போட்டோ எடுக்குறதுக்குள்ள அப்படியே உக்காந்துருச்சு. கரண்டியில எடுத்தா வருது வருது வந்துக்கிட்டே இருக்கு. களி. மகன் அதை உருட்டி சுவத்துல ஒட்டிப் பாத்தான், ஒட்டுச்சு.

கிராம் கணக்கு
25 மார்ச், இரவு 8.51

எதிர்பார்த்ததுதான். புளுட் போன்ற ஒட்டரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வெந்து ஆறும்போது இறுகி நிற்க வைப்பது அதுதான். நான்கு பங்கு அரிசியில் ஒரு பங்கு மட்டும் புளுட், மூன்று பங்கு இட்லி அரிசி என்று போட்டுப் பாருங்கள். அதைத் தனியாக ஊறவையுங்கள், தோல் தடிமன், ஒரு ராத்திரி கேட்கும்.

தோ பாயோ வாத்தியார்
26 மார்ச், புதன், காலை 7.10

உங்களுக்கெல்லாம் ஒன்று தெரியுமா? இட்லியே இந்தப் பக்கத்துச் சரக்குதான். இந்தோனேசியாவில் ‘கெட்லி’ என்று ஒன்று இருந்து, அங்கிருந்துதான் நமக்கு வந்தது. நாம் இட்லியில் பாண்டான் என்ற இந்த வட்டார வாசனை இலையைப் போட்டால் அது தாய்வீட்டுச் சீர்.

கிராம் கணக்கு
26 மார்ச், காலை 7.44

வாத்தியார் ஐயா, உணவு வரலாற்று அறிஞர் கே.டி. அச்சயா முன்வைத்த யூகம் அது. கன்னடத்தில் 10ஆம் நூற்றாண்டிலேயே ‘இட்டலிகே’ என்ற பெயர் வந்துவிடுகிறது. ஆனால் பழைய குறிப்புகளில் உளுந்துதான் பேசப்படுகிறது; அரிசி சேர்த்ததாகவோ, நெடுநேரம் புளிக்க வைத்ததாகவோ, ஆவியில் அவித்ததாகவோ இல்லை. அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தேடும்போது அவர் கண் இந்தோனேசியாப் பக்கம் போனது. கெட்லி என்ற பண்டத்துக்கு உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

தோ பாயோ வாத்தியார்
26 மார்ச், காலை 7.50

சான்று கிடைக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

பிடோக் பெரியம்மா
26 மார்ச், காலை 8.02

ரெண்டு பேரும் பசியாறிட்டீங்களா? முதல்ல போய்ப் பசியாறுங்க.

தெம்பனீஸ் மருமகள்
27 மார்ச், வியாழன், இரவு 9.30

என்னோடது பாண்டான் இலையும் குலா மலாக்காங்கிற பனைவெல்லமும். உள்ள வெல்லம் வச்சு உருட்டுற மலாய்க் கொழுக்கட்டை ஒண்டே ஒண்டேயை இட்லிக்குள்ள அடைக்கிற திட்டம். ஒத்திகையில ரெண்டு தப்பு நடந்துச்சு, மத்தவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன்.

முதல் தப்பு, பாண்டான் சாறைத் தண்ணிக்குப் பதிலா ஊத்தி அரைச்சேன். ராத்திரி கிளிப்பச்சை. காலையில பாத்தா ராணுவக்காரர் சட்டைப் பச்சை. வாசனையும் பாதி போச்சு. அடுத்த தடவை புளிச்ச மாவைத் தனியா எடுத்து, சட்டி கொதிச்ச பிறகு, ஊத்தப் போற நேரத்துல கெட்டிச் சாறு ரெண்டு கரண்டி கலந்தேன். நிறம் நின்னுச்சு. சாறு எடுக்க ஒரு வழி: பத்து இலையை அரைச்சு வடிகட்டி ஒரு ராத்திரி குளிர்பெட்டியில வச்சா அடியில கரும்பச்சை வண்டல் தங்கும். மேல் தண்ணியைக் கொட்டிட்டு அதை மட்டும் எடுத்துக்கணும்.

ரெண்டாவது, குலா மலாக்காவைத் துண்டாவே நடுவுல வச்சேன். உருகி, இட்லித் துணி வழியா இறங்கி, சட்டித் தண்ணி முழுக்க பானகம் ஆயிடுச்சு. மாமியார் எட்டிப் பாத்துட்டு, “பூரணத்தைக் கிளறாம எவளாவது கொழுக்கட்டை பிடிப்பாளா?”ன்னாங்க. பதில் சொல்ல ஒண்ணுமில்லை. தேங்காய்த் துருவலோட சேத்துக் கெட்டியாக் கிளறி, ஆற வச்சு, சுண்டைக்காய் அளவு உருட்டி வச்சேன். அரைக்குழி மாவு, உருண்டை, மேல மறுபடி மாவு. நிக்குது.

கிராம் கணக்கு
27 மார்ச், இரவு 9.58

பச்சையம் புளிப்பில் பழுப்புப் பச்சையாகிவிடும். கீரையைப் புளி விட்டுக் கடைந்தால் நடப்பதேதான். கடைசியில் கலந்தது சரி. மாமியார் சொன்னதும் சரி.

தெம்பனீஸ் மருமகள்
27 மார்ச், இரவு 10.01

கடைசி வரியை அழிச்சிடுங்க ப்ளீஸ், அவங்களும் இதைப் படிக்கிறாங்க.

அங் மோ கியோ அண்ணாச்சி
28 மார்ச், வெள்ளி, மாலை 6.30

சுவீ குவேங்கிற சீனப் பலகாரத்தைச் சாப்பிடுறப்பல்லாம் எனக்கு இட்லி ஞாபகம்தான் வரும். அதுவும் அரிசி மாவு, அதுவும் ஆவி, அதுவும் நடுவுல குழி விழுந்த வெள்ளை வட்டம். புளிக்க வைக்காதது ஒண்ணுதான் குறை. அந்தக் குழிக்குள்ள சாய் போ, அதாங்க உப்புல ஊறவச்ச முள்ளங்கி, எண்ணெய்ல வதக்கிப் போடுவாங்க. சிலர் பன்றிக் கொழுப்புல வதக்குறது உண்டு, அதனால சைவக்காரங்க கேட்டுட்டு வாங்கணும்.

நான் அந்தச் சின்னக் கிண்ணத்துலயே இட்லி ஊத்தப் போறேன். சாய் போ பாக்கெட் வாங்கியாச்சு. ரெண்டு தண்ணி அலசிப் பிழிஞ்சு, நல்லெண்ணெயில பூண்டு, காஞ்ச மிளகா, கடுகு தாளிச்சு வதக்கணும். மேல சம்பல் ஒரு பொட்டு.

பிடோக் பெரியம்மா
28 மார்ச், மாலை 7.05

நல்லெண்ணெய்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காக மன்னிச்சேன்.

ஜூரோங் தம்பி
29 மார்ச், சனி, இரவு 11.48

அவசரம். பாக்கெட் மாவை வெளிய வச்சிட்டு ஓவர்டைம் போயிட்டேன். பாக்கெட் பலூன் மாதிரி ஆயி இருக்கு. வெடிக்குமா?

பிடோக் பெரியம்மா
29 மார்ச், இரவு 11.51

மூலையில சின்னதா ஒரு வெட்டு போட்டு பெரிய பாத்திரத்துல ஊத்து. கலக்காதே. அப்படியே குளிர்பெட்டியில வை. கலக்கினா காத்தெல்லாம் போயிடும். நாளைக்குக் கரண்டியால ஓரத்துல இருந்து அள்ளி ஊத்து.

ஈசூன் அடுப்பு
30 மார்ச், ஞாயிறு, காலை 10.20

இட்லி தின வாழ்த்து! இப்ப என் கதையைக் கேளுங்க.

சனி ராத்திரி சங்குப்பூ முப்பது பறிச்சு, காம்பு கிள்ளி, வெந்நீர்ல போட்டு எடுத்தேன். நீலம்னா அப்படி ஒரு நீலம், பள்ளிக்கூடத்து மசி மாதிரி. புளிச்ச மாவுல கலந்தா வானத்து நிறம் வந்துச்சு. அதோட விட்டிருக்கணும். மாவு கொஞ்சம் கனமா இருக்கேன்னு, அம்மா பழக்கத்துல, ஆப்ப சோடா எடுத்தேன். சிட்டிகைதான் போட நினைச்சேன், டப்பா மூடி கழண்டு ஒரு கரண்டி விழுந்துடுச்சு. வாரி எடுக்குறதுக்குள்ள நுரைச்சுக் கலந்துடுச்சு.

கண்ணு முன்னாடி நிறம் மாறுது. வானம் போய் குளத்துப் பாசி வந்துச்சு. அவிச்சு எடுத்தா சிமெண்ட்டும் பாசியும் கலந்த ஒரு நிறம், மேல மஞ்சள் பொட்டு வேற. ருசி சோப்புத் தண்ணி. என் பொண்ணு ஒரு தட்டை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சா. பிழிஞ்ச இடம் மட்டும் ஊதா! அரை மணி நேரம் அதையே விளையாடினா, ஒரு வாய் சாப்பிடல.

மிச்ச மாவுல சோடா இல்லாம இன்னொரு ஈடு எடுத்தேன். பதினோரு நிமிஷம். ஓரத்துல லேசா ஊதா ஓடின நீலம். தேங்காய்ச் சட்னிக்குப் பக்கத்துல வச்சா மேசை மேல யாரும் பேசல.

கிராம் கணக்கு
30 மார்ச், காலை 10.41

சங்குப்பூ சாயம் புளிப்பில் ஊதாவாகும், சோடா போன்ற காரப்பொருளில் பச்சையாகும். பள்ளி ஆய்வுக்கூடத்து நிறங்காட்டி போலவே வேலை செய்யும். சோடா அளவு மீறினால் சோப்பு ருசியும் வரும். உங்கள் மகள்தான் இன்று சரியான சோதனை செய்தவர்.

காரைக்குடி காரம்
30 மார்ச், காலை 11.30

ஒண்ணுக்கு மூணு போட்டது பலிச்சிருச்சு. மங்கின ஊதா, கொஞ்சம் மெத்துன்னு, கொஞ்சம் இழுவை. சாம்பாருக்குச் சேரல. மேல தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டா ஆகா. காரைக்குடியில கல்யாணத்துக்கு வைக்கிற கவுனி ஞாபகம் வந்து ஒரு ஈடு முழுக்க நானே தின்னுட்டேன். மகன் இந்தத் தடவை சுவத்துல ஒட்டிப் பாத்தான், ஒட்டல.

அங் மோ கியோ அண்ணாச்சி
30 மார்ச், மதியம் 12.15

சாய் போ இட்லி எங்க தளத்துல நாலு வீட்டுக்குப் போச்சு. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வாயில போட்டுட்டு, என்ன சுவீ குவே இவ்வளவு புளிக்குதுன்னு முகத்தைச் சுளிச்சாங்க. நான் பதறிப் போய் விளக்கம் சொல்ல வாயெடுக்கிறேன், இன்னொண்ணு எடுத்துக்கிட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பேரனை அனுப்பி மூணு வாங்கிட்டுப் போனாங்க. இட்லிய விட நடுக்குழிதான் முக்கியம், அந்தக் குழி இல்லேன்னா சாய் போ உருண்டு ஓடுது. சாதா இட்லித் தட்டுல ஊத்துறவங்க, வெந்ததும் கவுத்துப் போட்டு ஈரத் தேக்கரண்டியால நடுவுல அமுக்குங்க.

ஜூரோங் தம்பி
30 மார்ச், மதியம் 1.30

ரூம்ல அஞ்சு பேரும் லீவு. ரைஸ் குக்கர்ல ஒரு ஈட்டுக்கு ஆறு கிண்ணம், நாலு ஈடு எடுத்தேன். மாவு புளிச்சுக் கிடந்தது, ஆனா பெரியம்மா சொன்ன மாதிரி கலக்காம அள்ளினதால பஞ்சு. விதிப்படி ஒரு பொருள் போடணுமே, என்கிட்ட இருந்தது பேரங்காடியில வாங்கின இக்கான் பிலிஸ் நெத்திலி மட்டும்தான். பொரிச்சுக் கிண்ணத்து அடியில போட்டு மேல மாவு ஊத்தினேன். ஊர்ல அம்மாக்கு வீடியோ கால்ல காட்டினேன். இட்லில மீனாடான்னு கேட்டவங்க, அப்புறம் எப்படிப் பொரிச்சேன்னு கேட்டாங்க.

தோ பாயோ வாத்தியார்
30 மார்ச், மதியம் 3.00

நான் தேங்காய்ப்பால் விட்டு ‘லெமாக் இட்லி’ முயன்றேன். தட்டையாக, கனமாக வந்தது. காரணம் சொல்லுங்கள், கெட்லியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கிராம் கணக்கு
30 மார்ச், மதியம் 3.12

கொழுப்பு உளுந்து நுரையை உடைத்துவிடும் ஐயா. தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் வெந்த இட்லியின் மேல் ஊற்றுங்கள்.

செங்காங் பேத்தி
30 மார்ச், இரவு 8.15

நோன்பு திறந்தாச்சு, மஃரிப் தொழுதாச்சு, ஓலையில பின்னி வேகவச்ச சோத்துப் பொட்டலம், கெத்துப்பாட், தொங்குது. இட்லியை ரெண்டாப் பிளந்து நடுவுல ரெண்டாங் வச்சோம். நன்னி ஒரு வாய் சாப்பிட்டுட்டு, ரெண்டாங்குல எண்ணெய் தெளியறவரைக்கும் வதங்கணும், அப்பத்தான் இட்லி உறிஞ்சி ஊறாதுன்னாங்க. குழம்பா இருந்தா இட்லி கூழாயிடுது, என் தம்பி பண்ணது அப்படித்தான் ஆச்சு. வறட்டு ரெண்டாங்தான் சரி. நாளைக்குப் பெருநாள் காலைலயும் இதேதான்னு வாப்பா சொல்லிட்டாங்க, மிச்ச மாவைக் குளிர்பெட்டியில வச்சிருக்கோம்.

பிடோக் பெரியம்மா
30 மார்ச், இரவு 9.40

சரி, நானும் ஒண்ணு பண்ணேன். சிரிக்காதீங்க.

காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய், கொஞ்சம் பெருங்காயம். வரதராஜப் பெருமாள் கோயில்ல மூங்கில் குடலையில மந்தாரை இலை வச்சு அவிப்பாங்க. இங்க மந்தாரைக்கு எங்க போறது? சந்தைக்குப் போனேன், பாண்டான் கட்டு கட்டா வச்சிருந்தான். பாய் முடையற மாதிரி குறுக்கும் நெடுக்குமாப் பின்னி உயரமான டம்ளர்ல வச்சு, நெய் தடவி, முக்கால் டம்ளர் மாவு ஊத்தினேன். இருபத்தஞ்சு நிமிஷம். குச்சி விட்டுப் பாத்து எடுத்தேன்.

மிளகும் பாண்டானும் சண்டை போடும்னுதான் நினைச்சேன். போடல. இலை பட்ட தோல் பக்கம் மட்டும் வாசனை, உள்ள சுக்கும் மிளகும். பின்னின தடம் இட்லி மேல கட்டம் கட்டமா விழுந்திருந்தது. வீட்டுக்காரர் வில்லையா வெட்டி மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை சொல்லல, ரெண்டாவது டம்ளரையும் எடுத்தார். பேரன் மட்டும் தட்டைத் தள்ளிட்டு வெள்ளை இட்லி இல்லையா பாட்டின்னான். அவனுக்குத் தனியா நாலு ஊத்தினேன்.

ஈசூன் அடுப்பு
30 மார்ச், இரவு 9.43

பெரியம்மா!!! போட்டோ போடுங்க!

பிடோக் பெரியம்மா
30 மார்ச், இரவு 9.50

தீர்ந்துடுச்சு.

தெம்பனீஸ் மருமகள்
31 மார்ச், திங்கள், காலை 9.05

செங்காங் பேத்திக்கும் வீட்டுல எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து. ஒண்டே ஒண்டே இட்லி இருபத்தெட்டு போச்சு. பூரணம் கிளறினது யார்னு கேக்காதீங்க.

அண்ணாச்சி, அந்தச் சுவீ குவே கிண்ணம் எங்க வாங்கினீங்க? மாமியார் கேக்குறாங்க.

அங் மோ கியோ அண்ணாச்சி
31 மார்ச், காலை 9.30

பேக்கிங் சாமான் விக்கிற கடையில கேளுங்க, அலுமினியம், டஜன் கணக்குல கொடுப்பாங்க. முதல் தடவை வெந்நீர்ல கொதிக்க வச்சு எண்ணெய் தடவிக்கோங்க, இல்லேன்னா மாவு விடாது. கழுவும்போது எண்ணி வையுங்க. என்னோடதுல ஒண்ணு குறையுது, எதிர்வீட்டுப் பாட்டிகிட்டதான் இருக்கணும், நானும் கேக்கல.